கழிமுகத்துக்கு வந்த அழையா விருந்தாளிகள்

கல்லணையில் நின்று பார்ப்போருக்குக் காவிரி ஒரு பேரரசியாகவே தோன்றுவாள். அங்கிருந்து அவள் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்திடம் ஒப்படைத்துவிட்டு, தஞ்சைத் தரணியெங்கும் கிளைவிட்டு ஓடுகிறாள். யாத்திரிகர் பெரிய கோயிலைக் காண்கின்றனர். பூண்டி மாதாவை வணங்குகின்றனர். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்கின்றனர். ஆனால் இந்தக் கிளைகள் யாவும் எங்கே முடிகின்றன, எந்த நிலையில் கடலைச் சேருகின்றன என்று சென்று பார்ப்போர் மிகச் சிலரே. வேளாண்குடி மக்கள் அந்த இடத்தைக் கடைமடை என்பர். அதற்கும் அப்பால், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடமே கழிமுகம்.

மீனும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வளரும் தொட்டில் அது. அந்தத் தொட்டிலுக்குள் அண்மைக் காலத்தில் அயல்நாட்டு உயிரினங்கள் பல புகுந்துள்ளன. அவற்றைக் கடலியல் அறிஞர் ஆராய்கின்றனர். கடற்கரையைக் காப்பதற்கோ தனித்தனித் துறைகள் உள்ளன. ஆய்வும் காவலும் கைகோக்கின்றனவா என்பதை அறியும் ஆவலுடன் நாம் தஞ்சையிலிருந்து புறப்பட்டு, ஆற்றின் போக்கிலேயே கடல் வரை சென்று வந்தோம். நாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

வாய்க்காலில் தொடங்கும் கதை

நீடாமங்கலத்திற்கு அருகே மூணாறு தலைப்பு என்றோர் இடம் உண்டு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியுமிடம் அது. மேட்டூரில் திறந்துவிடப்பட்ட நீர் இங்கே மூன்றாகப் பகுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான வயல்களுக்குச் செல்லும் காட்சி கண்கொள்ளாதது. மதகின் அருகில் நின்றபோது, ஊதா நிறப் பூங்கொத்துகள் மிதந்து வந்து அடைத்துக்கொண்டிருந்தன. ஆகாயத் தாமரை! தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பகுதி அதன் தாயகம். அழகுச் செடியாகக் கருதி மனிதர் அதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொணர்ந்தனர். இன்று அது இல்லாத ஆறோ குளமோ நம் நாட்டில் அரிது.

மன்னார்குடிச் சாலையில் செல்லச் செல்ல இன்னொரு விருந்தாளியும் நம்மை வரவேற்றது. வெளிர் ஊதா நிறத்தில், புனல் வடிவில் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு அது. பெயர்தான் நெய்வேலி, பிறப்போ அமெரிக்க வெப்பமண்டலம். ஒரு தண்டை ஒடித்து ஈரத்தில் போட்டால் அதுவே வேர்விட்டு மரம்போல் நிற்கும். ஆடுமாடுகள் அதை உண்பதில்லை; உண்டால் நோயுறும். வடிகால் வாய்க்கால்களின் இரு கரைகளிலிருந்தும் அது நடுவே வளைந்து வளர்ந்து, நீரின் வேகத்தைத் தடுக்கிறது. வேகம் குறைந்த நீரில் வண்டல் படிகிறது. படிந்த வண்டலில் மேலும் செடி முளைக்கிறது. இவ்வாறு வாய்க்கால் தன்னைத்தானே தூர்த்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்குவதற்கும், கோடையில் கடைமடைக்கு நீர் எட்டாமைக்கும் இதுவும் ஒரு காரணம் என்பதைத் தஞ்சை விவசாயி யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிவார்.

கழிமுகத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் வாய்க்காலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் எளியது. கழிமுகத்தின் உடல்நலம் அதற்கு வந்து சேரும் நன்னீரைப் பொறுத்தது. ஆண்டில் பல மாதங்கள் நன்னீர் வராமற்போனால் கழியில் உப்பு ஏறும். உப்பு ஏறினால் அதைத் தாங்கவல்ல சில உயிர்களே எஞ்சும். பழைய குடிகள் தளர்ந்து நிற்கும் வீட்டில் புதியவன் எளிதில் புகுந்துவிடுவான். ஆகவே கடற்கரைப் பாதுகாப்பு என்பது கடற்கரையில் தொடங்குவதன்று. மூணாறு தலைப்பிலும், அதற்கு மேலும் தொடங்குவது.

அலையாத்திக் காடு

பாமணியாறும் கோரையாறும் வேறு சில ஆறுகளும் சென்று சேருமிடம் முத்துப்பேட்டை. அங்கிருந்து படகில் கோரையாற்றின் வழியே கடற்கழியை அடைந்தோம். இருமருங்கும் அலையாத்தி மரங்கள் செறிந்து நின்றன. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயரிட்ட நம் முன்னோரின் சொல்வன்மையை என்னென்பது! சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப்போல் ஆயிரமாயிரம் வேர்கள் மேல்நோக்கி நீண்டிருந்தன. காற்றோட்டமில்லாத சேற்றில் வாழும் மரம், அவ்வேர்களின் வழியாகவே மூச்சுவிடுகிறது. உவர்நீரைப் பருகி, மிகுந்த உப்பை இலைகளின் வழியே கசியவிடுகிறது. ஓர் இலையைப் பறித்து நாவில் வைத்துப் பார்த்தோம், உப்புக் கரித்தது.

இக்காட்டின் வரலாறு, ஆய்வும் காவலும் இணைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்றாகும். நெடுங்காலம் இங்கே விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாக அறவே வெட்டும் முறை அரசு நிருவாகத்திலேயே நடைமுறையில் இருந்தது. 1970-களின் தொடக்கத்தையொட்டி அது கைவிடப்பட்டது. ஆனால் வெட்டிய இடங்களில் மரங்கள் மீண்டும் முளைக்கவில்லை. கரையோர மக்கள் விறகு பொறுக்குவதாலும் மாடு மேய்ப்பதாலும்தான் காடு அழிகிறது என்று பலரும் நம்பினர்.

கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் வி. செல்வம் முதலிய அறிஞர்கள் 1990-களில் இதை ஆராய்ந்தனர். உண்மை வேறாக இருந்தது. மரம் நீங்கிய சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் அக்குழியில் தேங்கி, வடிய வழியின்றி ஆவியாகி, உப்பாக இறுகிவிட்டது. எந்த விதை அங்கே பிழைக்கும்?

நோயின் வேர் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீனின் முதுகெலும்பையும் அதிலிருந்து பிரியும் முட்களையும் போன்ற அமைப்பில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் நாள்தோறும் உள்ளே வந்து வெளியே சென்றது. உப்பு தணிந்தது. வாய்க்கால் ஓரங்களில் நட்ட அலையாத்தி விதைகள் தழைத்தன. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து குழுக்களாக இப்பணியை நடத்தினர். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இக்காட்டையும் சிதைத்தது. ஆயினும் மறுபடியும் நடும் பணி எப்படி நடக்கவேண்டும் என்பது இப்போது அனைவருக்கும் தெரியும்.

நம் படகைச் செலுத்திய முதியவர் சொன்னார்: “ஐயா, காட்டை அழிச்சது எங்க சனம்னு ரொம்ப நாளா பழி இருந்திச்சு. தண்ணி வடியலேங்கிறது எங்களுக்குத் தெரியும். ஆனா எங்களை யாரு கேட்டா? கேட்டப்புறம்தான் காடு வந்திச்சு.” இந்தச் சிறு சொற்களில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

முள்ளும் மீனும்

முத்துப்பேட்டைக் காடு, கோடியக்கரைச் சரணாலயம், வேதாரண்யத்துப் பெரும் சதுப்பு ஆகியவை ஒன்றாக இணைக்கப்பட்டு, 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. கோடியக்கரையில் 1967-ல் வெளிமான்களுக்கெனச் சரணாலயம் அமைந்தது. அங்கே நாம் கண்டது சீமைக் கருவேலம். 1877-ஆம் ஆண்டு வாக்கில் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காக நடப்பட்ட இந்த அமெரிக்க முள்மரம், இன்று தமிழகத்தின் பல மாவட்டங்களையும் பிடித்துக்கொண்டுள்ளது. அதன் இனிய நெற்றுகளை மான்களும், காட்டில் திரியும் குதிரைகளும் விரும்பி உண்கின்றன. உண்ட விதைகள் சாணத்தோடு புல்வெளியில் விழுந்து முளைக்கின்றன. தன் மேய்ச்சல் நிலத்தை அழிக்கும் மரத்தை மானே விதைக்கிறது! கழியோரத்தில் அலையாத்தி நலிந்த இடங்களிலும் இம்மரம் அடியெடுத்து வைத்துள்ளது. தமிழக அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டதிலிருந்து இதன் கடுமையை உணரலாம்.

நீருக்குள்ளும் அயலார் உண்டு. நம் இல்லங்களில் குழம்பாகும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன், நன்னீர், உவர்நீர் இரண்டிலும் வாழவல்லது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அதன் இனம் விரைவில் பெருகுகிறது. 2009 முதல் உரிமம் பெற்றுக் கரையோரப் பண்ணைகளில் வளர்க்கப்படும் வன்னாமி இறாலும் பசிபிக் கடலிலிருந்து வந்ததே. அது அழைக்கப்பட்ட விருந்தாளி. ஆனால் பண்ணையின் கரை உடைந்தால் அழையா விருந்தாளியாகிவிடும். ஆகவேதான் அதற்குக் கடும் விதிகள் உள்ளன.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அயலிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீயதாகிவிடாது. மிளகாயும் முந்திரியும் பப்பாளியும் கடல்கடந்து வந்தவையே. அவையின்றி நம் சமையலறை இல்லை. ஒரு மரத்தை அதன் கனியால் அறியவேண்டும் என்பது ஆண்டவர் கற்பித்த அளவுகோல். பிற உயிர்களின் இடத்தையும் உணவையும் பறித்து, ஏழை மனிதரின் பிழைப்பையும் கெடுக்கும் அயலினத்தையே அறிஞர் ஆக்கிரமிப்பு இனம் என்கின்றனர்.

கடல்வழி வந்த காக்கா ஆழி

கோடியக்கரையிலிருந்து வடக்கே வேளாங்கண்ணிக்கு வந்தோம். புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகளை அன்னை இக்கரையில் சேர்த்த வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். கப்பல்கள் மனிதரையும் பொருளையும் மட்டும் கொண்டுவருவதில்லை. சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாதிருக்க, ஒரு துறைமுகத்தின் நீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற குஞ்சுயிர்கள் உள்ளன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருபவையும் உண்டு. இந்த நிலைநீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்று கூறும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-ல் உருவாகி, 2017 செப்டம்பர் 8-ஆம் நாள், அதாவது அன்னையின் பிறந்தநாள் விழாவன்று, நடைமுறைக்கு வந்தது.

அதற்குள் பல இனங்கள் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்று, அறிஞர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்றழைக்கும் சிறு ஆழி. அமெரிக்க வெப்பமண்டலக் கரைகள் அதன் தாயகம். கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் பேராசிரியர் ஏ. பிஜு குமாரும் அவருடன் பணியாற்றியோரும் 2019-ல் கேரளக் கழிமுகங்களில் அது வெகுவேகமாகப் பரவியிருப்பதை வெளியிட்டனர். 1329-லேயே மறைமாவட்டமாக உயர்ந்த பழம்பெரும் கொல்லம் நகரை அடுத்த அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுத்துப் பிழைப்போர் பல்லாயிரவர். அவர்களின் மட்டித்தொழில் முறையாக நடத்தப்படுவதைப் பாராட்டி 2014-ல் உலகச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அச்சான்றைப் பெற்ற முதல் மீன்வளத் தொழில் அதுவே. அந்தக் காயலில்தான் இந்த ஆழி புகுந்தது. அந்த அறிஞர்கள் புதிய உயிருக்குப் பெயர் சொல்வதோடு நிற்கவில்லை. மட்டி எடுப்போரின் பிழைப்பு என்னாகும் என்பதையே தம் ஆய்வின் கேள்வியாக வைத்தனர். ஆய்வகத்திலிருந்து கரைக்குப் பாலம் போடுவது என்பது இதுதான்.

அடுத்து, சென்னைக்கு வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பகுதியிலும் இதே ஆழி பெருகியது. அங்குள்ள மீனவர் அதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டனர். நார்களால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அது சேற்றின்மேல் கம்பளம்போல் படர்கிறது. இறால் புதைந்து வாழச் சேறு கிடைப்பதில்லை; மஞ்சள் மட்டி மூச்சுமுட்டி மடிகிறது; நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்போரின் காலையும் கையையும் அதன் ஓடு கிழிக்கிறது. மீனவர் முறையீடு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஆற்றின் அடியிலிருந்து அதை வாரி அகற்றும் பெரும்பணி பற்றி அரசு பேசவேண்டியதாயிற்று. முளையில் கிள்ளவேண்டியதைக் கோடரிகொண்டு வெட்டும் நிலை!

முளையில் கிள்ள இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று உண்டு. கருங்கோட்டு ஆழி எனத்தக்க மற்றோர் அமெரிக்க இனம் 1967-ல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. அது அங்கேயே நிலைத்துவிட்டது. அதே இனம் 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் காணப்பட்டது. அங்கே அறிஞரும் அரசும் உடனே கூடினர். அது இருந்த மூன்று படகுத்துறைகளையும் மூடி, மருந்திட்டு, ஏறத்தாழ ஒரே மாதத்தில் அதை முற்றிலும் ஒழித்தனர். காலத்தே கண்டதும், கண்டவர் சொல்லைக் கேட்டதுமே அங்கு வெற்றியாயின.

பரங்கிப்பேட்டையின் பாடம்

கொள்ளிடத்தைக் கடந்து, போர்த்துகீசியர் போர்ட்டோ நோவோ என்றழைத்த பரங்கிப்பேட்டையில் நம் பயணம் முடிந்தது. வெள்ளாற்றின் கழிமுகத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா இங்கே வித்திட்ட பணி, தலைமுறைகளாகத் தொடர்கிறது. இந்தக் கழியிலும் அருகிலுள்ள பிச்சாவரத்திலும் வாழும் மீன், நண்டு, சிப்பி, புழு, பாசி ஆகியவற்றை இங்குள்ளோர் பொறுமையுடன் எண்ணி, எழுதி வைத்துள்ளனர். பேராசிரியர் க. கதிரேசன் 1991 முதல் வெள்ளாற்றங்கரையில் கண்டல் மரங்களை நட்டு, வெற்றுச் சேறாயிருந்த இடத்தைக் காடாக்கினார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவரும் நா. ராஜேந்திரனும் இக்கரையிலுள்ள 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து, கடலோர மரங்கள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005-ல் எழுதினர். குப்பம் கடலிலிருந்து இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே முதன்மைக் காரணங்கள் என்று வேறு அறிஞர் மறுத்துரைத்தனர். இத்தகைய வாதத்தினால்தான் உண்மை தெளிவாகிறது.

புழுவையும் பாசியையும் எண்ணுவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. வீட்டாரை அறியாத காவற்காரன் திருடனை எங்ஙனம் அறிவான்? ஒரு கழிமுகத்தில் யார் யார் பழங்குடிகள் என்ற பட்டியல் இருந்தால்தான் புதியவன் நுழைந்ததை உடனே கண்டுகொள்ள முடியும். ஆகவே அந்தப் பட்டியலே கடற்கரைக் காவலின் முதல் ஏடு.

இரண்டாவது ஏடு மீனவரின் கண்களில் உள்ளது. வலையில் புதிதாக ஒன்று அகப்பட்டால் எவரிடம் காட்டுவது? ஆறு ஒரு துறைக்கு, காடு ஒரு துறைக்கு, மீன் ஒரு துறைக்கு, துறைமுகம் வேறொரு துறைக்கு. அயலினமோ இந்த எல்லைகளை மதிப்பதில்லை. வாய்க்காலில் தொடங்கிக் கழியில் பரவிக் கடலோரத்தில் முடியும், அல்லது கடலில் தொடங்கி உள்ளே ஏறும். காவிரிப் படுகையிலும் நாகப்பட்டினம், காரைக்கால் எனத் துறைமுகங்கள் உள்ளன. எண்ணூரில் நேர்ந்தது இங்கே நேராமலிருக்க, மீனவர் காட்டுவதை அறிஞர் பார்க்கவும், அறிஞர் சொல்வதை அதிகாரிகள் கேட்கவும் ஒரு நேர்வழி வேண்டும். முத்துப்பேட்டைப் படகோட்டி சொன்னதும் இதையே அன்றோ?

நம் கடமை

வயலில் களை முளைத்த உவமையை நாம் அறிவோம். களையைப் பறிக்க விரைந்த ஊழியரை வீட்டுத் தலைவர் தடுத்தார். கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்று அஞ்சினார். மனிதரைப் பற்றிய இறைவனின் பொறுமையை அது காட்டுகிறது. சோம்பலுக்கு அது சாக்காகாது. ஆயினும் அதில் ஓர் உழவனின் அறிவும் உண்டு. அறியாமல் பறிப்பவன் பயிரையும் அழிப்பான். சீமைக் கருவேலத்தை இயந்திரத்தால் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் நம் நாட்டு மரத்தையோ புல்லையோ வளர்க்காமல் விட்டால், அடுத்த மழையில் அதே முள் இருமடங்காக எழும். அறிவும் வேண்டும், கையும் வேண்டும். அறிந்து பறிப்பதும் பறித்த இடத்தில் நடுவதும் ஒன்றாகவே நிகழவேண்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய சுற்றுமடலில், பூமியின் ஓலமும் ஏழையரின் ஓலமும் வேறு வேறு அல்ல என்று வலியுறுத்தினார். கழிமுகத்தில் நின்று பார்த்தால் இது கண்கூடு. சேறு காக்கா ஆழியால் மூடப்பட்டால் அன்றைய உலை கொதிக்காதது இறால் தடவும் குடும்பத்தில்தான்.

நம் பங்குக் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. வளர்ப்பு மீன்களையும் தொட்டிச் செடிகளையும் சலித்துப்போனால் ஆற்றிலோ குளத்திலோ விடாதிருப்போம். நம் ஊர் வாய்க்காலில் ஆகாயத் தாமரையும் காட்டாமணக்கும் பூக்கும் முன்பே இளைஞர் மன்றத்தினர் கூடி அகற்றுவர். அகற்றியதைக் கரையில் குவித்துவிட்டு வராமல், உலர்த்தி உரமாக்குவர். வெட்டிய தண்டுகளை நீரில் மிதக்கவிடுவது, கீழே உள்ள ஊருக்கு நாற்று அனுப்புவதாகும். கடலோரப் பங்குகளில், வலையில் வந்த புதிய உயிரைக் குறித்துவைத்து, மீன்வளத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரிக்கோ தெரிவிக்கும் வழக்கம் ஏற்படட்டும். அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுள் சிலராவது புழுவையும் பாசியையும் எண்ணும் அந்தப் பொறுமையான படிப்பை நாடட்டும்.

தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் என்றே ஆண்டவர் முதல் மனிதனை அதில் வைத்தார். தஞ்சை மக்கள் பண்படுத்துவதில் உலகுக்கே ஆசான்கள். காப்பதிலும் அப்பெயரைப் பெறுவோமாக!